இலவசமாக வெப்சைட் கட்ட எந்த மென்பொருள்? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரத்தில் இரண்டு அறை வாடகைக்கு விடுபவர், தங்கச்சிமடத்தில் கருவாடு விற்பவர், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் குடும்பம், பனையோலைப் பெட்டி முடையும் மகளிர் குழு: முதல்முறையாக வெப்சைட் தொடங்க நினைக்கிற இவர்களைப் போன்றவர்களுக்காக எழுதியது இது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் இருக்கும்போது வெப்சைட் எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. உள்ளூரிலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது, வாங்குகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகம் என்றால், வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் போட்டு வைத்தாலே போதும். அதற்குக் காசும் ஆகாது.

வெளியூர்க்காரர் தேடி வரும் தொழில் என்றால் கதை வேறு. தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் நீராட வருகிறவர், கிளம்புவதற்கு ரொம்ப முன்பே கூகுளில் அறை தேடத் தொடங்கிவிடுவார். அவர் கண்ணில் உங்கள் வாட்ஸ்அப் பட்டியல் படாது. இன்ஸ்டாகிராம் கணக்கு இல்லாதவருக்கு உங்கள் இன்ஸ்டா பக்கமும் முழுசாகத் திறக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கோயில் ஊர்களில் விடுதிப் பெயரில் போலிப் பக்கம் போட்டு முன்பணம் பறிக்கிற கும்பல்கள் இருக்கின்றன. உங்கள் சரியான நம்பரும் வாடகையும் உங்கள் சொந்த முகவரியில் இருந்தால், சந்தேகப்படுகிறவர் சரிபார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும்.

இலவசம் என்கிறார்களே, நிஜமாகவே ஒரு பைசா ஆகாதா?

ஒரு வெப்சைட்டுக்கு மூன்று வேண்டும். பக்கத்தைக் கட்டும் மென்பொருள், அந்தப் பக்கத்தை இருபத்துநாலு மணி நேரமும் திறந்து வைத்திருக்கும் ஹோஸ்டிங் இடம், உங்களைத் தேடி வர டொமைன் என்கிற பெயர். மென்பொருள் இலவசமாகவே நல்லது கிடைக்கிறது. இடத்தையும் சில நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. டாட் இன், டாட் காம் என்று முடியும் சொந்தப் பெயருக்குத்தான் ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்ட வேண்டும். சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். முதல் ஆண்டு மிகக் குறைந்த விலை என்று விளம்பரம் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணத்தை.

சொந்தப் பெயர் வாங்காவிட்டால் உங்கள் பெயருக்குப் பின்னால் பிளாக்ஸ்பாட், விக்ஸ்சைட் என்று அந்த நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். விக்ஸிலும் வேர்ட்பிரஸ் டாட் காமிலும் இலவசத் திட்டத்தில் இருந்தால் அவர்களுடைய விளம்பரமும் சேர்ந்து வரும். என் கருத்து இதுதான்: மென்பொருளுக்கும் இடத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், பெயருக்கு மட்டும் கொடுங்கள். கடை வாடகைக்கு இருக்கலாம், பெயர்ப்பலகை சொந்தமாக இருக்க வேண்டும். நாளைக்குக் கடையை மாற்றினாலும் பலகையைக் கழற்றி எடுத்துப் போய் அடுத்த இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எல்லாம் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கிறது.

அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. உள்ளே நுழைவதற்கு முன்னால் வெளியே வரும் வழியைப் பாருங்கள் என்பேன். ஏனென்றால் இலவசமாகக் கொடுப்பவர் ஒருநாள் நிறுத்திவிடலாம், நிறுத்தியும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009இல் மூடியது. கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு சின்ன வெப்சைட்டையும் கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் கார்டைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகவே கணக்குத் தொடங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். சொந்த டொமைனைக் கூடுதல் காசில்லாமல் இணைக்க விடுகிறார்களா? நான் எழுதியதைக் கோப்பாக இறக்கி இன்னோர் இடத்தில் ஏற்ற முடியுமா? என் கையில் இருக்கும் போனிலோ கம்ப்யூட்டரிலோ நானே திருத்த முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வருவது அபூர்வம். இரண்டுக்கு வந்தாலே போதும். அதில் முதல் கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

சரி, சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரே பக்கம் போதும், பொருளும் விலையும் நம்பரும் வழியும் தெரிந்தால் சரி என்கிறவர்களுக்கு கூகுள் சைட்ஸ். படத்தை இழுத்துப் போடலாம், மேப்பை ஒட்டலாம், அறை விசாரிக்க ஒரு கூகுள் ஃபார்ம் சேர்க்கலாம். விளம்பரம் வராது. சொந்த டொமைனைக் காசில்லாமல் இணைக்கலாம். குழுவில் நான்கு பேர் இருந்தால் நால்வருக்கும் திருத்தும் அனுமதி கொடுக்கலாம். மகளிர் குழுக்களுக்கு இது பெரிய வசதி. குறைகளும் உண்டு. வாங்குகிறவர் பொருளைச் சேர்த்து வைக்கும் கூடை, பில் எல்லாம் அதில் கிடையாது. தோற்றத்தை ஓர் எல்லைக்கு மேல் மாற்ற முடியாது. கட்டிய பக்கத்தை அப்படியே வேறு மென்பொருளுக்குக் கொண்டு போகவும் வழியில்லை. ஒரு பக்கம்தானே, மறுபடி தட்டச்சு செய்தால் ஆயிற்று என்பதால் இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அடிக்கடி எழுதுவீர்கள் என்றால் பிளாகர். கோயில் விசேஷம், கடல் நிலவரம், ஊர் வரலாறு என்று ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது பொருந்தும். 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. பார்க்கப் பழைய வீடு மாதிரி இருக்கும் என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நான் கேட்கச் சொன்ன மூன்று கேள்விக்கும் ஆம் என்று சொல்கிற மிகச் சிலவற்றில் அதுவும் ஒன்று. எழுதிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கலாம், அந்தக் கோப்பை வேர்ட்பிரஸில் ஏற்றிக்கொள்ளலாம்.

பொருள் நிறைய, தொழில் வளரும் என்ற நம்பிக்கையும் இருந்தால் வேர்ட்பிரஸ். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

விக்ஸ்? ஒரே மாலையில் மற்ற எல்லாவற்றையும்விட அழகான பக்கம் அதில் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் இணைக்க முடியாது. கட்டிய தளத்தை வெளியே எடுத்துப் போகவும் முடியாது. ஆண்டுச் சந்தா கட்டத் தயார் என்றால் எடுங்கள். இலவசத்துக்காக என்றால் வேண்டாம்.

ஜூம்லா, ட்ரூபல் இரண்டும் இலவசம்தான், உறுதியானவையும்கூட. புதியவர்களுக்கு அல்ல.

வேர்ட்பிரஸில் இரண்டு இருக்கிறதாமே?

ஆமாம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருள். 2003இல் வெளிவந்தது. யாரும் இறக்கலாம், மாற்றலாம், எந்த சர்வரிலும் (வெப்சைட்டைத் தாங்கி நிற்கும் கம்ப்யூட்டர்) நிறுவலாம். உலகத்து வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளைத் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் ஒரு நிறுவனத்தின் சேவை. அங்கே இலவசத் திட்டம் உண்டு. ஆனால் விளம்பரம் வரும், சொந்த டொமைனுக்குப் பணம் கட்ட வேண்டும்.

மென்பொருளை நீங்களே நிறுவினால் எல்லாம் உங்கள் கையில். ஊக்காமர்ஸ் என்ற இலவச பிளக்இன்னை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை, சேர்த்தால் முழுக் கடையே திறக்கலாம். அதற்கு ஹோஸ்டிங் இடம் மாதக் கட்டணத்தில் வாங்க வேண்டும். வேர்ட்பிரஸுக்கு அடிப்படையான பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு மென்பொருளும் ஓடும் இடமாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேர்ட்பிரஸ் நிறுவப்பட்டுவிடும். அப்புறம் பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. மென்பொருள், தீம் (பக்கத்தின் தோற்றத்துக்கான வடிவம்), பிளக்இன் மூன்றுக்கும் புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கும். செய்யாமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்து உங்கள் கருப்பட்டிப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போவார்கள். இது மிகைப்படுத்தல் இல்லை, கவனிக்காத வேர்ட்பிரஸ் தளங்களுக்கு வழக்கமாக நடப்பது. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ டெலிகிராமில் சும்மா தருகிறார் என்றால் தொடாதீர்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே திருட்டுச் சாவி வைத்திருப்பார்கள்.

மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லையா, வேர்ட்பிரஸ் வேண்டாம். கூகுள் சைட்ஸோடு நில்லுங்கள்.

என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான்.

அப்படியானால் கூகுள் சைட்ஸ் சிரமம், ஏனென்றால் அதைத் திருத்த கம்ப்யூட்டர் வேண்டும். முதல்முறை கட்டுவதற்கு நெட் சென்டரிலோ உறவுக்காரப் பிள்ளையின் லேப்டாப்பிலோ செய்துவிட்டு, பிறகு எப்போதாவது மாற்றினால் போதும் என்றால் பரவாயில்லை. வாரா வாரம் விலை மாறும் தொழில் என்றால் பிளாகர் அல்லது வேர்ட்பிரஸ் எடுங்கள். பிளாகர் போன் பிரவுசரிலேயே திறக்கும். வேர்ட்பிரஸுக்குத் தனி ஆப் இருக்கிறது.

நெட் சென்டரில் செய்தால் வேலை முடிந்ததும் கூகுள் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

என் மகன் காலேஜில் படிக்கிறான். மென்பொருளே வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்கிறான்.

செய்யட்டும், நல்லதுதான். எச்டிஎம்எல் என்கிற வெப்சைட் குறிமொழியில் கையால் எழுதிய பக்கம் மண்டபம், தொண்டிப் பக்கம் சிக்னல் ஒரே கோடு காட்டும் இடத்திலும் சட்டென்று திறக்கும். உள்ளே புகுந்து கெடுக்கவும் அதில் அதிகம் ஒன்றும் இல்லை. எழுதப் பொறுமை இல்லையென்றால் பப்ளி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரில் நிறுவி, அதில் தட்டச்சு செய்தால் தயாரான பக்கங்களாகவே கொடுத்துவிடும்.

இடம் எங்கே என்பதில் கவனம் வேண்டும். மாணவர்கள் உடனே கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச ஹோஸ்டிங் இடத்தைச் சொல்வார்கள். ஊர் நூலகம், முன்னாள் மாணவர் சங்கம், பள்ளிவாசல் அறிவிப்புப் பக்கம் என்றால் அது அருமை, சொந்த டொமைனும் இணைக்கலாம். ஆனால் இணையக் கடை நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கிட்ஹப்பின் விதியிலேயே இருக்கிறது. வியாபாரம் என்றால் கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் அல்லது நெட்லிஃபை பக்கம் போகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. படிப்பு முடிந்து பையன் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் விலையை யார் மாற்றுவது? அதற்குப் பதில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

டொமைன் பெயரை யார் பெயரில் வாங்குவது?

உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வெப்சைட் செய்து தருகிறேன் என்று வருகிறவர் ஐந்தாயிரம் கேட்கலாம், பதினைந்தாயிரம் கேட்கலாம். அது உங்கள் பேரம். ஆனால் டொமைனை அவர் கணக்கில் வாங்கினால் சட்டப்படி அது அவருடையது மாதிரிதான். நம்பரை மாற்றிவிட்டார் என்றால் ஆண்டு முடிந்ததும் பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள். நீங்களே டொமைன் விற்கும் தளத்தில் கணக்குத் தொடங்கி, பணத்தை யூபிஐயில் கட்டிவிட்டு, அமைப்பதற்கு மட்டும் அவரிடம் கொடுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும்.

பெயரைச் சின்னதாக வையுங்கள். போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரே தடவையில் தட்டச்சு செய்ய வேண்டும். நடுவில் கோடு, எண் வேண்டாம். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்று முடியும் பெயர் வாங்க வழியிருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் சில ஆப்களில் அந்த முகவரியைப் பகிர்ந்தால் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் குவியலாக மாறிவிடும். வாங்கினால் இரண்டாவது பெயராக வாங்குங்கள்.

தமிழில் போட்டால் எழுத்து சரியாக வருமா?

யூனிகோடில், அதாவது எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்ளும் எழுத்து முறையில், தட்டச்சு செய்திருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றிலும் வரும். சிக்கல் டிடிபி கடையில்தான். நோட்டீஸ் அடித்த கடையிலிருந்து அதே வாசகத்தை வாங்கி ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். அவர்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது தமிழே இல்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி வைத்து யூனிகோடாக்கிக்கொள்ளலாம். நாலு வரிதான் என்றால் போன் கீபோர்டில் புதிதாகவே தட்டிவிடுவது சுலபம்.

நோட்டீஸையே படமாக்கிப் போடுவதைத் தவிருங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி கூகுள் தேடலில் முன்னுக்கு வர முடியாது. விலை மாறினால் திருத்தவும் முடியாது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் மூன்றும் இலவசம், படிக்கவும் தெளிவு. வரிகளுக்கு இடையே இங்கிலீஷுக்கு விடுவதைவிடக் கொஞ்சம் அதிக இடம் விடுங்கள். இல்லையென்றால் மேல் வரியின் கால்களும் கீழ் வரியின் கொம்புகளும் முட்டிக்கொள்ளும்.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வடக்கத்திக்காரர்கள். இந்தியிலும் வேண்டுமே?

அறை வாடகை, டாக்ஸி, பூஜை ஏற்பாடு என்றால் வேண்டும். தானாக மொழிபெயர்க்கும் பிளக்இன்னை நம்பாமல் இந்திக்குத் தனிப் பக்கம் ஒன்று போடுங்கள். அறை எத்தனை, ஏசி உண்டா, கோயிலுக்கு நடந்து போகும் தூரமா, ரயில்வே ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு: பத்து வாக்கியம் போதும். இந்தி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

போட்டோ எவ்வளவு போடலாம்?

போனில் எடுத்த படம் ஒன்று மூன்று நான்கு எம்பி இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பார்க்கிறவர் பொறுமையிழந்து போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஒரு படம் 200 கேபிக்குள் வருமாறு செய்யுங்கள். ஸ்குவூஷ் என்ற இலவசத் தளம் பிரவுசரிலேயே இதைச் செய்து தரும். கருவாட்டை வெயில் உச்சியில் படமெடுக்காமல் காலையில் எடுங்கள், நிறம் உண்மையாக வரும். கூகுளில் கிடைத்த படத்தைப் போடாதீர்கள். அது இன்னொருவர் சொத்து என்பது ஒருபுறம், உங்கள் சரக்கு அதுவல்ல என்பது வாங்குகிறவருக்குப் பெட்டி பிரித்ததும் தெரிந்துவிடும்.

பக்கத்திலேயே பணம் வாங்க முடியுமா?

முடியும், ஆனால் ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். வாட்ஸ்அப் லிங்க் ஒன்று போடுங்கள். தொட்டதும் உங்கள் நம்பருக்குச் சாட் திறக்கும். அதில் நம்பரை 91 சேர்த்து, பிளஸ் குறியும் இடைவெளியும் இல்லாமல் எழுத வேண்டும். தபால் செலவைச் சேர்த்துச் சொல்லிவிட்டு யூபிஐயில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஆர்டருக்குச் சாட்டில் பதில் சொல்ல முடியவில்லை என்ற நிலை வரும்போது பக்கத்திலேயே பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பற்றி யோசிக்கலாம். அவர்கள் ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 2 சதவீதம் எடுப்பார்கள். பணம் திருப்பித் தரும் விதிமுறை, முகவரி எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள்.

எதையெல்லாம் போடக் கூடாது?

சங்கு, சிப்பிக் கைவினை விற்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. காய்ந்து கரை ஒதுங்கியது என்றாலும் விற்கக் கூடாது. சிப்பிகளிலும் சில வகை அந்தப் பட்டியலில் உண்டு. சந்தேகம் இருந்தால் படம் ஏற்றும் முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்காகப் பவளப்பாறைப் படத்தைப் பொருட்களோடு வைத்தாலே கேள்வி வரும். அதேபோல, மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதற்காவது கூட்டிப் போகிறோம் என்று வனத்துறை அனுமதி இல்லாமல் எழுதாதீர்கள்.

தின்பண்டம், கருவாடு, கருப்பட்டி விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் வயல் மிளகாய் என்று எழுத யாரும் தடை சொல்லப் போவதில்லை.

கட்டிவிட்டேன். கூகுளில் தேடினால் வரவில்லையே?

உடனே வராது, சில நாள் ஆகும். அதற்குள் கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உங்கள் இடத்தைப் பதிவு செய்து, சரிபார்ப்பை முடித்து, அதில் வெப்சைட் முகவரியைச் சேருங்கள். ஊர்ப்பெயரைப் பக்கத்தில் எழுத்தாக எழுதுங்கள்: ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில், தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போகும் வழியில் என்று. முதல் பக்கத்தில் வரவைக்கிறேன் என்று பணம் கேட்டு வரும் போனைத் துண்டித்துவிடலாம்.

பேக்கப் எடுக்க வேண்டுமா?

வேண்டும். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் எழுதியதைக் கோப்பாக இறக்க வழி இருக்கிறது. அந்தக் கோப்பை உங்கள் ஈமெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். மூலப் படங்களைத் தனியாக வைத்திருங்கள். கூகுள் கணக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டு யாருமே உள்ளே நுழையாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. கணக்கு போனால் அதோடு தளமும் போகும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது?

சீசனைப் பார்த்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எந்த மீன் கிடைக்காது, கருவாட்டு விலை எவ்வளவு என்பதை அதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஆடி, தை அமாவாசைகளுக்கு அறை வாடகை ஏறும் என்றால் ஏறிய வாடகையைப் பக்கத்திலேயே போடுங்கள், வந்து நிற்கும்போது சண்டை வராது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுச் சவாரி இல்லை என்று மேலே ஒரு வரி. விலைப் பட்டியலுக்குக் கீழே அதைக் கடைசியாக மாற்றிய தேதியையும் எழுதுங்கள்; போன வருஷ விலையைக் காட்டிக்கொண்டு யாரும் வாதாட வர மாட்டார்கள்.